பச்சைத் துண்டு இல்லாத சந்தனமேரி

நிலவழகன்: ...அங்கிட்டே நில்லுங்கக்கா. துண்டு எங்க?

சந்தனமேரி: என்ன துண்டு தம்பி?

நிலவழகன்: பச்சைத் துண்டு. இது பொதுமக்கள் போராட்டம். துண்டு இல்லாத பொதுமக்கள உள்ள விடக்கூடாதுன்னு கட்சியில சொல்லியிருக்காங்க. நான் கேட்டுக்கு செக்யூரிட்டி.

சந்தனமேரி: நானும் பொதுமக்கள்தான். இறால் பண்ணைக்குப் பக்கத்துக் குடியிருப்பு. எங்க ஊர்த் தண்ணி உப்பாப் போனதுக்குத்தான இந்தப் போராட்டமே...

நிலவழகன்: காலையில இருந்து எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

சந்தனமேரி: எல்லாரும்னா?

நிலவழகன்: உங்க ஊர்க்காரங்க. திருப்பி அனுப்பிட்டேன். வெளியாள் யாரும் புகுந்துறக் கூடாதாம்.

சந்தனமேரி: நாங்க வெளியாளா?

மைக்: மணமேல்குடியில் தன்னெழுச்சியாகத் திரண்டிருக்கும் பெருமக்களே... விராலிமலை வேனில் வந்தவர்கள் டிரைவரிடம் துண்டைப் பெற்றுக்கொள்ளவும்...

சந்தனமேரி: விராலிமலைக்காரங்களுக்கு எங்க தண்ணியப் பத்தி என்ன தெரியும்?

நிலவழகன்: ஒண்ணும் தெரியாது. சில பேரு கடலையே இன்னிக்குத்தான் பாத்தாங்களாம். ஆனா துண்டு இருக்குல்ல.

சந்தனமேரி: ஆதார் இருக்கு. காட்டவா?

நிலவழகன்: காட்டுங்க... சந்தனமேரியா? அக்கா, சந்தனமேரி அப்பவே உள்ள போயாச்சு.

சந்தனமேரி: யாரு?

நிலவழகன்: பாதிக்கப்பட்ட தாய் சந்தனமேரி. மேடையில, மைக்குக்குப் பக்கத்துச் சேரு. கொஞ்ச நேரத்துல அழுவாங்க.

சந்தனமேரி: அது நான்தானப்பா...

நிலவழகன்: நீங்க அழுவீங்களா?

சந்தனமேரி: நாலு பேரு பாத்தா எனக்கு வராது.

நிலவழகன்: அதான். அவங்களுக்குக் கேமரா திரும்புனாலே வருது. ஆமா, பையில என்ன பாட்டில்? மண்ணெண்ணெயா?

சந்தனமேரி: எங்க அடிபம்புத் தண்ணி. மனு வாங்க வந்திருக்குற ஆபீசர் இதுல ஒரு வாய் குடிக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம் தம்பி. மனு எழுதி எழுதிப் பாத்துட்டோம். எழுத்துல உப்பு கரிக்க மாட்டேங்குது.

நிலவழகன்: மேடையில ஏற்கெனவே பாட்டில் வச்சிருக்காங்க. ஆபீசர் கையில குடுத்து போட்டோ எடுக்க.

சந்தனமேரி: எங்க தண்ணியா?

நிலவழகன்: கேன் தண்ணியில டீ டிகாஷன் ஊத்துனது. உங்க தண்ணி பாக்கப் பளிச்சுன்னு இருக்காம். டிவியில எடுபடாதுன்னுட்டாங்க.

சந்தனமேரி: அப்ப அவுக குடிக்கிறதுக்கு?

நிலவழகன்: அதுக்கு வேற கேன். டிகாஷன் ஊத்தாதது.

சந்தனமேரி: பாட்டில மட்டுமாவது உள்ள குடுங்க தம்பி. இதுல பால் பவுடரக் கரைச்சுக் குடுத்தா பேரப்புள்ள துப்பிருது. பருப்பு வேக மாட்டேங்குது. வயிறு எரியுதுப்பா எனக்கு.

நிலவழகன்: மண்ணெண்ணெய் இல்லன்னு எப்படி நம்புறது? வாடையும் காணோம்... குடுங்க, குடிச்சே பாத்துர்றேன்.

சந்தனமேரி: மெதுவா...

நிலவழகன்: ம். தண்ணிதான்.

சந்தனமேரி: என்ன தம்பி, மூஞ்சியே சுளிக்கல? எந்த ஊரு நீங்க?

நிலவழகன்: திருச்சி ஏஜென்சி. மூஞ்சியச் சுளிக்காம நிக்கத்தான் சம்பளம். சரி, பின்கேட்ட ஒரு எட்டு பாத்துட்டு வாரேன், நீங்க இங்கனயே...

சந்தனமேரி: இருங்க இருங்க. டிபன் பாக்ஸப் பாக்கலையே.

நிலவழகன்: அதுல என்ன?

சந்தனமேரி: தொறந்து பாத்தாத்தான தெரியும்.

நிலவழகன்: ...இட்லி.

சந்தனமேரி: அடியில?

நிலவழகன்: அடியிலயும் இட்லிதான்க்கா.

சந்தனமேரி: பொறுப்பான வேலை தம்பி, பிட்டுப் பாருங்க.

நிலவழகன்: எல்லாத்தையுமா?

சந்தனமேரி: பின்ன? ஒரு இட்லியப் பாத்து மத்த இட்லிய நம்பிருவீங்களா?

நிலவழகன்: ...பாத்துட்டேன். சட்னியையும் கிண்டிட்டேன். ஒண்ணுமில்ல.

மைக்: மனுவைப் பெற வந்திருக்கும் அதிகாரி அவர்களும் நமது தலைவர் அவர்களும் தாகம் தீரத் தண்ணீர் அருந்தி... அருந்தி... ஐயா? ஐயாவுக்கு இருமுது... தலைவருக்கும்... யாருப்பா இந்தக் கேன வச்சது? சந்தனமேரியம்மா, இப்ப அழ வேண்டாம்... அம்மா, கேமராவே திரும்பல, ஏன் அழுறீங்க... நீங்களும் குடிச்சீங்களா?

சந்தனமேரி: குடிச்சிட்டாக...

மைக்: செக்யூரிட்டி எங்க? பின்கேட்டுக்கு ஓடிப் போய்ப் பாரு...

நிலவழகன்: என்னையத்தான் கூப்பிடுறாங்க.

சந்தனமேரி: போகாதீங்க தம்பி, சொல்லிர்றேன். உள்ள கேன் போட்டது எம்மவன் கண்ணன். அம்புட்டும் எங்க அடிபம்புத் தண்ணி. நான் உள்ள போறதுக்கு வரல... அவன் வெளிய வர்ற வரைக்கும் உங்களப் பேச்சுல புடிச்சு வைக்கத்தான் வந்தேன்.

நிலவழகன்: தெரியும்க்கா. கண்ணன் அடிபம்புல கேன் புடிச்சத நேத்தே பாத்துட்டேன். அவன் வண்டி வரும்னுதான் பின்கேட்டுப் பூட்டத் தொறந்து வச்சிட்டு இங்கிட்டு வந்து நின்னேன். திருச்சியில ஏஜென்சிதான் இருக்கு... வீடு, பண்ணைக்கு அங்கிட்டு. எங்க வீட்டுலயும் பருப்பு வேகல.