கமலத்தின் பாவும் சின்னம்மாள் ஆடும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் டாக்டர், எனக்கு ஆட்டுக்கறி என்றால் ரொம்பப் பிடிக்கும். பின்னால் தெரியவந்தால் நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

இந்த எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம்தான் என் வீட்டுக்காரி ரேணுகாம்பாள் என்னை ஆரணியில் பஸ் ஏற்றி உங்களிடம் கூட்டிவந்தாள். "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதாம் டாக்டர். தாப்பாள ஏழு தபா பாக்குறாரு. தானும் தூங்கறதில்ல, எங்களையும் பேஜார் பண்ணிகினே கீறாரு" என்றாள். அதற்குள் தாயத்துக் கட்டி, என் தலையைச் சுற்றி முட்டையும் உடைத்துப் பார்த்திருந்தாள். நீங்கள்தான் இது இதயக் கோளாறும் இல்லை, காத்து கருப்பும் இல்லை, பதற்றம் என்கிற நோய் என்றீர்கள். வைத்தியம் உண்டு என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாத்திரை கொடுத்தீர்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொன்னீர்கள். பயப்படுகிற விஷயத்தை விட்டு ஓடாமல் படிப்படியாகக் கிட்டப் போய் உட்கார், படபடப்பு தானே அடங்கும், ஒரு படிக்கு ஒரு வாரம் என்றீர்கள். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

என் பயம் பாவு. புடவைக்கு வேண்டிய பட்டு இழைகளைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, கஞ்சி தெளிப்போம். அந்த ரெண்டு மணி நேரம் ஆடு மாடு குறுக்கே போகாமல் ஒருவர் குச்சியோடு காவல் நிற்பது எங்கள் தெரு வழக்கம். பன்னிரண்டு வருஷமாக அது நான்தான். என் காவலில் ஒரு பாவுகூட அறுந்ததில்லை. தொல்லையே அங்கேதான். இதுவரை அறுபடவில்லை என்றால் இனிமேல்தானே அறுபட வேண்டும்?

ஆடியில் என் மச்சான் ஜெயவேல் ஒரு பாவு போட்டான். ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்தவன், முதல் தடவையாகத் தன் மகள் கமலத்துக்கு நெய்யப்போகிறான். ஆவணியில் கல்யாணம். "மாமா நிக்கசொல்ல ஈ கூட ஒக்காராது" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் அழைத்துக்கொண்டு காபி குடிக்கப் போனான்.

நான் காகிதத்தை எடுத்தேன். முதல் படி, ஆட்டைப் பார்ப்பது. எதிர்வீட்டுச் சின்னம்மாளின் ஆடு கட்டிக் கிடந்தது, பார்த்தேன். இரண்டாம் படி, ஆட்டை அவிழ்ப்பது. மூன்றாம் படி, பாவுக்குப் பக்கத்தில் நிறுத்துவது. அது கஞ்சி வாளியில் வாயை வைத்து நிம்மதியாகக் குடித்தது. எனக்கோ நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. மூச்சையும் எண்ணிப் பார்த்தேன், அடங்கவில்லை. கடைசிப் படி மட்டும் பாக்கி. ஜெயவேலின் கத்திரி அங்கேயே இருந்தது. குறுக்கே வெட்டினேன்.

அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது டாக்டர். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த விருந்தாளி வந்துவிட்டுப் போன மாதிரி. கத்திரியை வாளியில் போட்டுவிட்டு, "ஆடு, ஆடு" என்று சத்தம் போட்டேன்.

ஜெயவேல் வெட்டுப்பட்ட முனைகளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். ஆட்டுப் பல் இவ்வளவு நேராகக் கடிக்குமா என்று அவன் கேட்கவில்லை. "பன்னெண்டு வருசம் நின்ன மனுசன், ஒரு நிமிசம் கண்ணசந்துட்டாரு" என்று எனக்கே சமாதானம் சொன்னான். நல்ல மனுஷன்.

சின்னம்மாள் மட்டும், "என் ஆடு நூலு துன்னாதுங்கண்ணே, கஞ்சிதான் குடிச்சிகினு இருந்துச்சு" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, அந்த ஆட்டுக்குத்தான் தலைவாரி விடாத குறை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கல்யாணப் பாவைத் தின்ற ஆடு தெருவுக்கு ஆகாது என்று எல்லாரும் சொல்லும்போது நான் ஒருத்தன் மறுத்துப் பேசினால் நன்றாக இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனுக்கு வெட்டினார்கள். குழம்பில் மிளகு கொஞ்சம் தூக்கல். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுபடி பாவு போட்டு நெய்ய நாள் இல்லை. கமலம் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய புடவையில் தாலி கட்டிக்கொண்டாள். அந்த மஞ்சள் நிறம் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

உங்கள் வைத்தியத்தில் நான் ஒரு படியைக்கூட விடவில்லை டாக்டர். வாரக் கணக்கில் இழுக்காமல் ஒரே காலையில் ஏறிவிட்டேன், அவ்வளவுதான். மாத்திரையைப் பிரிக்கவே இல்லை, குணமான ஆளுக்கு அது எதற்கு? தாழ்ப்பாளைக்கூட மூன்று தடவைதான் பார்க்கிறேன்.

நாளைக்கு எங்கள் தெருக் கண்ணகி வீட்டுப் பாவு. காவலுக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் துளிகூடப் பயம் இல்லை. சின்னம்மாள்தான் பாவம், வெறும் கயிற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். மனசு கேட்கவில்லை. நேற்று தேவிகாபுரம் போய் ஒரு ஆடு வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். "நாளைக்கு மட்டும் கட்டிப்போடாத சின்னம்மா" என்றேன், "புது ஆடு, தெரு பழகட்டும்."