அந்த விரிசல் என்னுடையது

ஈரமான பிரஷ்ஷால் ஒரு சுவருக்கு வயதேற்ற முடியாது, ஐயா. பலருக்கு இது தெரிவதில்லை. பிரஷ்ஷை வெளிர்மஞ்சளில் தோய்த்து, பழந்துணியில் துடைத்து, இனி ஒட்டவே ஒட்டாது என்று தோன்றும்வரை துடைத்து, அதற்கப்புறம் சுவரின்மேல் பட்டும் படாமலும் இழுக்க வேண்டும். மேடான மணல் துகளில் மட்டும் வண்ணம் பிடிக்கும். பள்ளமெல்லாம் இருட்டாகவே நிற்கும். நேற்றுப் பூசிய சுவர், பாட்டன் காலத்திலிருந்து வெயிலில் காய்ந்ததுபோல் ஆகிவிடும்.

இன்ஸ்பெக்டர் வீரமணி ஐயா, உங்கள் மேசைமேல் நான் கொண்டுவந்து வைத்த இந்தச் சின்ன வீட்டை அப்படித்தான் செய்தேன். தெர்மாகோலை அறுத்து, பசை தடவி, சலித்த ஆற்று மணலைத் தூவி, அதன்மேல் வண்ணம். வெளிநாட்டில் வயது வந்த ஆண்கள் மேசையைச் சுற்றி நின்று விரலளவு பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திச் சண்டை போடுகிறார்கள். சண்டைக்கு ஒரு பாலைவன ஊர் வேண்டும். அந்த ஊர் கச்சிராயபாளையத்தில், கல்வராயன் மலையடிவாரத்தில், ஒரு தகரக் கொட்டகையில் தயாராகிறது. சிரிக்கலாம். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் முதலாளி ஜெயப்பிரகாஷை முதலாளி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ‘படைப்பு இயக்குநர்’ என்று சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், “பாலைவனத்தோட ஆன்மாவ நாங்க புடிச்சிட்டோங்க” என்பார். அவர் பார்த்த ஒரே பாலைவனம் மே மாதத்துக் கோமுகி ஆறு. அதையும் பஸ் ஜன்னல் வழியாகத்தான். ஆன்மாவைப் பிடிக்கிற வேலையை என்னிடம் விட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விடுவார். நான் ஆன்மா கீன்மா என்று பேசுகிறவன் இல்லை. கண்ணால் பார்க்காத எதையும் செய்வதில்லை. என் கொள்கை அவ்வளவுதான்.

ஒருநாள் வீடியோ அழைப்பில் ஒரு வாடிக்கையாளர் நான் செய்த பொம்மை வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விரிசல் வரைந்ததுபோல் இருக்கிறது என்றார். வாஸ்தவம்தான், நான் வரைந்ததுதான். ஆனால் அந்த வார்த்தை மீன்முள்ளைப்போலத் தொண்டையில் நின்றுவிட்டது.

நிஜ விரிசலைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கொட்டகை ஜன்னலைத் திறந்தால் எதிரே ரங்கம்மாள் வீட்டு மண்சுவர். ரங்கம்மாளும் அவள் புருஷன் வேடியப்பனும் மரவள்ளி பிடுங்கவும் கரும்பு வெட்டவும் கூலிக்குப் போகிறவர்கள். அந்தச் சுவரில் மூலையிலிருந்து ஒரு விரிசல் மேலேறும். நான் அதைப் பார்த்துச் செய்துகொண்டிருக்கும்போதே வெள்ளிக்கிழமை வந்துவிடும். வந்தால் ரங்கம்மாள் சுவரை மெழுகிவிடுவாள்.

“இன்னாண்ணா, எங்க வூட்டு செவுத்தயே மொறச்சிக்கினு கீறீங்க?” என்றாள் ஒருமுறை.

“விரிசல் நல்லா வந்துகீதும்மா. கொஞ்ச நாளு அப்டியே உடேன்.”

“உட்டுட்டு? மழ வந்தா ஒங்க பொம்ம வூட்லயா போயி படுக்கறது?” சாணியும் செம்மண்ணும் குழைத்த கையால் ஒரே இழுப்பு. என் ஒரு வார வேலை போயிற்று.

நல்ல பெண்மணி. அவள் ரப்பர் செருப்பில் ஒன்றுக்கு நீல வார், மற்றதற்குச் சிவப்பு வார். அதைக் கேலி செய்தால், “புருசன் பொண்டாட்டி மாரிதாண்ணா. ஒத்துப்போவாது, ஆனா சேந்துதான் நடக்கும்” என்பாள். வேடியப்பன் பக்கத்திலேயே நின்று பீடி பிடித்துக்கொண்டு சிரிப்பான். படியில் அந்தச் செருப்பு கிடந்தால் ரங்கம்மாள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். எங்களுக்குக் குடிக்க வெந்நீர் வேண்டுமென்றால் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுப்போம்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. பிரஷ் கழுவும் தொட்டியின் குழாய் சாலைச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் வாயைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். மேலிருந்து நனைந்தால் சுவரில் வெறும் கோடுதான் விழும். அடி ஊறினால்தான் விரிசல் கிளைவிட்டு ஏறும். மெழுகினாலும் மறுபடி திறக்கும். இது என் அனுபவத்தில் கண்டது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வேடியப்பன் வந்தான். “சாரு, ஒங்க தண்ணி எங்க செவுத்தாண்ட நிக்குது. அடியெல்லாம் ஊறிப்போச்சி. கொஞ்சம் பாருங்க சாரு.”

பார்க்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. வேடியப்பன் ஒரு புளியங்கட்டையை முட்டுக் கொடுத்தான். “கரும்பு வெட்டு முடியட்டும் சாரு, இட்ச்சிட்டுப் புதுசா வெச்சிடறேன்” என்றான். இடித்துவிட்டால் எனக்கு விரிசல் ஏது? அதுதான் என் நிலைமை. ஐயா, என் இடத்தில் இருந்து பாருங்கள்.

காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் விரிசலின் ஆழம் தெரியும். ஆனால் முட்டுக்கட்டையின் நிழல் சரியாக அதன் குறுக்கே விழுந்தது. ஒரு நிமிஷம் எடுத்துவிட்டு, படம் பிடித்து, திரும்ப வைத்துவிடலாம் என்று இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. இரண்டு பேரும் கரும்புக் கொல்லைக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவளுக்குக் காய்ச்சல் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

கட்டையை எடுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மொபைலில் வீடியோ எடுத்தேன். சுவர் விழும் என்று நாம் சொல்கிறோம். அது விழுவதில்லை, உட்காருகிறது. முதலில் அடியிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. விரிசல் அகன்றது. அப்படி ஒரு விரிசலை நான் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து, “யாரு, அண்ணனா?” என்று குரல் வந்தது.

பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் கை ஆடும், படம் கெட்டுவிடும். அதுவுமில்லாமல், அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. நான் ஒருவன், எதிரே அவ்வளவு பெரிய சுவர். என் கையில் என்ன இருந்தது, ஒரு முட்டுக்கட்டையைத் தவிர?

பார்வையிட வந்த அதிகாரிகள் மழையில் விழுந்த சுவர் என்றார்கள். அந்த மாதம் ஒரு சொட்டு மழையில்லை. பெரிய மனிதர்கள் சொல்லும்போது நான் என்ன குறுக்கே பேசுவது? வேடியப்பன்தான் இன்றுவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், “முட்டு நான்தான் சரியா குடுக்கல சாரு. இன்னும் கொஞ்சம் ஆழமா நட்டிருந்தா என் ரங்கம்மா இருந்திருப்பா” என்று அழுகிறான். நீ நன்றாகத்தான் கொடுத்தாய் என்று தேற்றுகிறேன். அது உண்மையும்கூட. அவன் முட்டு கல்லுப்போல நின்றது. எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவனுக்காகத்தான் ஐயா வந்தேன். நேற்றுக் கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் ஜெயப்பிரகாஷுக்குச் சால்வை போட்டார்கள். அந்த வீடியோவைப் பார்த்து நான் செய்த இந்த வீடு வெளிநாட்டில் அவ்வளவு பேசப்படுகிறதாம். மேடையில் அவர், “இந்த விரிசலுக்காக நான் தவம் இருந்தேங்க” என்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் கிளம்பி வந்தேன் என்று நினைக்க வேண்டாம். மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது. ஆனாலும் வாக்குமூலத்தில் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அந்த விரிசல் என்னுடையது.

இதை நான்தான் செய்தேன், ஜெயப்பிரகாஷ் செய்யவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசற்படியைப் பாருங்கள், ஐயா. அரிசியளவில் ஒரு ஜோடி செருப்பு தெரிகிறதா? நீல வார் நேராக, சிவப்பு வார் கவிழ்ந்து. கட்டையை எடுக்கப் போனபோது அவை அப்படித்தான் கிடந்தன.