நிமலனின் வேனில் ஒழுகிய ஒயில்

பழைய வேனில் பவர் ஸ்டியரிங் ஒயில் மாற்றுவது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை, ஐயா. முன் டயர்களை ஜெக் வைத்துத் தூக்க வேண்டும். ஒயில் டேங்கியின் அடியில் ஒயில் திரும்பி வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, கறுத்துப்போன ஒயிலை வடிய விட வேண்டும். ஹோஸைத் திரும்ப மாட்டி, புது ஒயில் ஊற்றி இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, மற்றவர் நுரை அடங்குகிறதா என்று பார்ப்பார். நிமலன் திருப்புவான். நான் பார்ப்பேன்.

தெமோதரையில் ரோட்டோரம்தான் என் கராஜ். நிமலன் மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் இருந்தான். வாடகை ஹயருக்கு வேன் ஓட்டினான். முதல் தடவை வந்தபோது ஸ்டியரிங் முனகுகிறது என்றான். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து ஒயில் ஒழுகியிருந்தது. ஒயில் ஊற்றி, கிளிப்பை நன்றாக இறுக்கி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவன் நெடுநாள் வரவில்லை. ரோட்டில் போகும்போது ஹோர்ன் அடிப்பான், அவ்வளவுதான். அடுத்த முறை வேறு ஏதோ வேலைக்கு வந்தபோது கிளிப்பை அரைகுறையாக விட்டேன். அந்த வாரமே திரும்பி வந்தான். பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே விட்டேன்.

எனக்கென்று ஆள் இல்லை, ஐயா. இரக்கம் தேடிச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டதால் சொல்கிறேன். கராஜுக்கு வருகிறவர்கள் வாகனத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நிமலன் வீட்டைப் பற்றிப் பேசுவான். மகள் மதுஷா ஸ்கூலில் பாடியது, மனைவி விஜயலெட்சுமி கொழுந்து எடுக்கப் போன இடத்தில் குளவி கொட்டியது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு தடவை வழுக்கி விழுந்து உடைந்த அவனுடைய வலது மணிக்கட்டு சரியாகப் பொருந்தவில்லை. பவர் இல்லாவிட்டால் இந்தக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

ஹோஸையும் கிளிப்பையும் புதிதாகவே போட்டுவிடுவோமா என்று கேட்டான். இந்த மொடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை என்றேன். உண்மையில் பண்டாரவளைக் கடைகளில் கிடைக்கும்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நாலு மாதத்துக்கு முன் வந்து நின்றவன், கொழும்பில் ஒரு கம்பனியில் வாகனம் ஓட்ட வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறோம் என்றான்.

"ஒயில முழுசா மாத்திக் குடு, மச்சான். இனி ஒனக்கு என்னால தொல்ல இல்ல."

தொல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவனாகவே அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். சரி, கொண்டுவா என்றேன்.

மறுநாள் காலை மூன்று பேருமாக வந்தார்கள். பூனாகலையில் சொந்தக்காரர்களிடம் பயணம் சொல்லிவிட்டு வரப் போவதாக விஜயலெட்சுமி சொன்னாள்.

"பாத்து செஞ்சு குடுங்கண்ணே. புள்ளைய ஏத்திக்கிட்டுப் போறோம்."

பார்த்துத்தான் செய்தேன். பழைய ஒயில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எடுத்தேன். ஹோஸைத் திரும்ப டேங்கியின் வாயில் செருகி, புது ஒயில் ஊற்றினேன். அவன் திருப்பினான், நான் நுரையைப் பார்த்தேன். கிளிப்பை ஹோஸின் மேல் சும்மா மாட்டி வைத்தேன். திருகவில்லை. உங்கள் மேசையில் இருப்பது அந்தக் கிளிப்தான். மதுஷா முன் சீட்டில் ஏறினாள். சின்னப் பிள்ளை முன்னால் இருக்கக் கூடாது என்று பின்னால் உட்கார வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வழியில் வேன் நின்றுவிடும், அவன் போன் எடுப்பான், நான் போய்க் கட்டி இழுத்து வருவேன், கொழும்புப் பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. ஒயில் போனால் வேன் நிற்காது. ஸ்டியரிங்தான் இறுகும். அவனுடைய கையும் எனக்குத் தெரியும், பூனாகலை வளைவுகளும் தெரியும். வேன் ரோட்டில் ஏறி மறைந்ததும் கையைக் கழுவிவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வளைவில் திரும்பாமல் வேன் பள்ளத்தில் விழுந்தது. தாயையும் பிள்ளையையும் எடுக்கும்போதே உயிர் இல்லை. நிமலனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். லயத்தில் அவனைப் பார்க்க யாரும் இல்லாததால், கராஜுக்குப் பின்னால் இருக்கும் என் அறைக்கே கொண்டுவந்தேன். குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான்.  ஒருநாள் அவன் சொன்னான்.

"எம் மேலதான் பிழ, மச்சான். ரெண்டு கையாலயும் இழுத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா திரும்பியிருக்கும்."

அப்படி நினைக்காதே, உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்று ஆறுதல் சொன்னேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். தூங்கிவிட்டான்.

விஜயலெட்சுமியையும் மதுஷாவையும் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். வியாழக்கிழமை அவனுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக் இருக்கிறது. புதிய ஆட்களுக்கு அவனை நோகாமல் தூக்கத் தெரியாது. அன்றைக்கு மட்டும் என்னை விட முடியுமா என்று ஸ்டேஷன் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் செய்ததை அவனிடம் தாராளமாகச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். சொல்லிவிட்டு, யார் கூட வர வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள். மச்சானே வரட்டும் என்றுதான் சொல்வான்.