நெஞ்செரிச்சல் நோட்டீஸ்

நீங்க கையில வச்சிருக்கீங்களே, அந்த நோட்டீஸ், அதை எழுதினது நான்தான் தங்கச்சி. கீழ எங்க ஆலைத் தொழிலாளர் சங்கத்துப் பேரு மட்டும்தான் இருக்கும், ஆள் பேரு போடற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனா நடையைப் பாத்தாலே இன்னார் எழுதினதுன்னு ஆலை வாசல்ல எவனும் சொல்லிடுவான். அப்போ சொல்லுவான். இப்ப நிக்கிறவங்களுக்கு என்னைத் தெரியாது. கொடி ஏத்தற அன்னைக்கு ஒரு நாற்காலி போடுவாங்க, அவ்வளவுதான்.

டாக்டரா, நானா? நல்லாக் கேட்டீங்க. எட்டாங்கிளாசு. மிச்சம் படிச்சதெல்லாம் இந்த மாதிரி காகிதத்துலதான்.

அதோ ஜன்னலோரம் நிக்கிற நீலச்சட்டைதானே உங்க வீட்டுக்காரர்? மூட்டை தூக்கற வேலையா? நிக்கிற நிலையே சொல்லுதே. என்னவாம் அவருக்கு? குழாய் விட்டுப் பாக்கற டெஸ்ட்டுக்கு முன்னாடி இன்னும் பதினாலு பேர் இருக்காங்க, நோட்டீஸ்ல போட்டிருக்கறதுதான் எனக்கும், வீட்டுக்குப் போலாங்கறாரா? வேலைக்கு வேற நேரமாச்சா? சரிதான்.

அந்த வியாதி என்னன்னு முதல்ல கேளுங்க. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல கூடாரத்துணி மாதிரி ஒரு தசை இருக்கு. உதரவிதானம்னு போட்டிருக்கேன் பாருங்க, அதான். அதுல ஒரு ஓட்டை. சாப்பாடு இறங்கற குழாய் அது வழியாத்தான் இரைப்பைக்குப் போகுது. அந்த ஓட்டை தளந்துடுச்சுன்னு வைங்க, இரைப்பையோட மேல்பக்கம் மெதுவா மேல ஏறி நெஞ்சுக்குள்ள குடி வந்துடும். கேக்காம கொள்ளாம. அப்புறம் புளிப்புத் தண்ணி குழாய்ல ஏறும், எரியும். இதுக்குத்தான் ஹயாட்டஸ் ஹெர்னியான்னு பேரு. எனக்கு இருபது வருஷமா இருக்கு. மைக் இல்லாம கத்தினது பாதி, உண்ணாவிரதம் முடிஞ்சதும் ஒரேயடியா விழுங்கினது பாதின்னு நான் சொல்வேன். இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா விடல. தியாகம் எல்லாம் ஒண்ணுமில்லை பெரியவரே, வயசும் தொப்பையும்னுட்டாங்க.

வைத்தியம் பெருசா இல்லை. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும். சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. இடுப்புல பெல்ட்டை இறுக்கக் கூடாது. கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழ செங்கல் வைக்கணும். தலையணையை அடுக்கினா கழுத்துதான் மடியும், பிரயோசனம் இல்லை. மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாடி. முக்காவாசிப் பேருக்கு இதுவே போதும். அடங்கலைன்னாத்தான் ஆபரேஷன். இரைப்பையைக் கீழ இறக்கி, ஓட்டையைத் தச்சு, இரைப்பையோட மேல்பக்கத்தைக் குழாயச் சுத்தி மடிச்சு விடுவாங்க.

இந்த நோட்டீஸ் மடிச்சிருக்கு பாருங்க, நகத்தால அழுத்தி. என் வீட்டுக்காரி மடிச்சது. முப்பத்தோரு வருஷம் அவதான் மடிச்சா. ஒண்ணைக்கூடப் படிச்சதில்லை. நாள் பூரா நீங்க பேசறதைக் கேக்கறது பத்தாதா, அதைப் படிக்க வேற செய்யணுமாங்கன்னு கேப்பா. இதை மட்டும் நின்னுக்கிட்டே முழுசாப் படிச்சா. இது எனக்கே புரியுதுங்கன்னா. வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு அது.

இருங்க. உங்க வீட்டுக்காரர் ஏன் தோளைத் தேய்க்கறாரு? மூட்டை தூக்கினதாலயா? இடது தோள் மட்டுமா? வலி எப்ப வந்துச்சு, சாப்பிட்டப்புறமா? வெறும் வயித்துல, இங்க படியேறும்போதா? வேர்த்துச்சா? தாடை வரைக்கும் இழுக்குதுன்னாரா? இதை ஏம்மா முன்னாடியே சொல்லல? சிஸ்டர்! சிஸ்டர், இங்க வாங்க! அந்த நீலச்சட்டை. அவருக்கு எரிச்சல் இல்லை, மொதல்ல ஈசிஜி எடுங்க. அட, நீங்க நடக்காதீங்க தம்பி, உக்காருங்க. வேலை எங்கயும் ஓடாது. சக்கர நாற்காலி வருது, உக்காருங்கன்னா!

கொண்டு போயிட்டாங்க. நீங்க இப்படி உக்காருங்க தங்கச்சி. உள்ள விட மாட்டாங்க, கூப்பிடுவாங்க. நேரத்தோட உள்ள போயிட்டாரு. அழாதீங்க.

ஆமா, அது நோட்டீஸ்ல இல்லை. திருப்பிப் பாக்காதீங்க, அந்தப் பக்கமும் இருக்காது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாங்க. நடந்தா வலி வந்தாலோ, வேர்த்தாலோ, கை, தாடைக்கு இழுத்தாலோ இது வயித்து நோய் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு. சரியா மூணு வரி. அச்சுக்குப் போற அன்னைக்குப் பாத்தா தாள்ல இடம் பத்தலை. கோஷமும் மூணு வரி. தோ, கடைசில இருக்கே. உடல் நம்முடையது, உழைப்பு நம்முடையது, உரிமையும் நம்முடையதே. கோஷம் இல்லாம எங்க நோட்டீஸ் வெளிய போனதே இல்லை. ரெண்டுல ஒண்ணை எடுக்கணும். எடுத்தேன்.

நோட்டீஸ் அச்சாகி வந்த பதினோராம் நாள் காலையில என் வீட்டுக்காரிக்கு நெஞ்சு எரிஞ்சிருக்கு. நான் வாசல் கூட்டத்துல பேசிக்கிட்டிருந்தேன். யாரையும் கூப்பிடலை அவ. என் மாத்திரையைப் போட்டுக்கிட்டா. புடவையைத் தளத்தி விட்டுக்கிட்டா. பின்கட்டுலேர்ந்து செங்கல் தூக்கிட்டு வந்து கட்டிலுக்கு முட்டுக் கொடுத்து, சாஞ்சு படுத்துட்டா. ஒண்ணு விடாம செஞ்சிருந்தா தங்கச்சி. நான் வர்றப்போ உயிர் இல்லை, நோட்டீஸ் பக்கத்துலயே இருந்துச்சு.

சங்கத்துல கேட்டேன், திருத்திப் போடலாம்னு. தாராளமா, என்ன தப்புன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க தோழரேன்னாங்க. நாலு மாசம் ஆச்சு. மேலதிகாரி முகத்துக்கு நேரா என்னென்னமோ எழுதின கை. அந்தத் தாள்ல ஒரு எழுத்து விழ மாட்டேங்குது.

என் டோக்கன் நம்பரா? எனக்கு நம்பர் எல்லாம் இல்லைம்மா. காலையில இந்த பெஞ்சுல வந்து உக்காந்துக்குவேன். யாராவது இந்த நோட்டீஸைக் கையில எடுத்தா அந்த மூணு வரியை வாயால சொல்லிடுவேன்.