வெள்ளைப் பூ வந்தா பாசு

அட, போட்டோ அப்புறம் எடுக்கலாமுங்க, பிலிம் தீந்துறப் போவுது. சித்த இப்படி உக்காருங்க. இத்தனை காலேஜுப் புள்ளைங்க எதுக்கு இந்த மலைக் கோயிலுக்கு வருதுன்னுதானே கேட்டீங்க? எல்லாம் கணக்குக்குங்க. சேலத்துல பி.எஸ்சி. படிக்குதுங்க, அம்மாகிட்டப் பூக் கேக்க வருதுங்க. ஒரு பொட்டணத்துல வெள்ளை அரளி, ஒண்ணுல செவப்பு அரளி. பூசாரி நான் அம்மா காலடியில போடுவேன். எடுக்குற பொட்டணத்துல வெள்ளை வந்தா பாசு.

கிளியூரு காவேரிதான் மொதல்ல வந்தா. எஸ்டேட்டுல காப்பி பறிக்கிறவங்க புள்ளை. கணக்குப் பரீட்சைன்னா முந்தின நாளே காய்ச்சல் வந்துரும். வெள்ளை வந்துச்சு பாருங்க, இடுப்புல கை வெச்சுக்கிட்டு பஸ் ஏறுனா. காலேஜுலயே மொத மார்க்கு! அப்புறம் உடுவாங்களா? ஏப்ரல் பரீட்சை வந்தா இங்க நோம்பித் திருநாக் கூட்டந்தான். தமிழ் படிக்கிற பையன் ஒருத்தன் கூட்டத்தோட கூட்டமா கணக்குக்குக் கேட்டுப்போட்டான். அன்னையிலிருந்து கண்டக்டருகிட்டச் சண்டை கட்டி மீதிச் சில்லறை வாங்குறானாம்.

சிரிக்காதீங்க. வயித்தெரிச்சல் எனக்குத்தான். ஏம் பையன் செல்லப்பனும் அதே கணக்குதானுங்க படிக்கிறான். ஊட்டுல தண்ணிபட்ட பாடாப் போடுறான். பரீட்சைத் தாளைக் கண்டா ரெண்டும் ரெண்டும் எத்தனைன்னே மறந்துருது. பெயிலு, மறுக்காவும் பெயிலு.

ஏனுங்க, பூக் கேக்காம இருப்பனா? கேட்டேன். வெள்ளைதான் வந்துச்சு. வந்து என்ன பண்ண? எனக்குப் பொட்டணம் கட்டித் தர்றவனே அவன்தானுங்களே. இந்தக் கோயில்ல செவப்பு அரளி வாங்கி வருசமாச்சுன்னு அவனுக்குத் தெரியாதா?

ஆமாங்க, ரெண்டுலயும் வெள்ளைதான். மெதுவாப் பேசுங்க, வரிசையில புள்ளைங்க நிக்குது.

நாளைக்கு அவனுக்குக் கடைசித் தடவை. உட்டா படிப்பே போச்சு, எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க. வெளியூர்க்காரங்க ஆராச்சும் கட்டுனா நம்புறேங்கிறான். இந்தாங்க எலை, நூலு. செவப்பா? வாங்கியாந்திருக்கேன், அவன் கண்ணுல படறதுக்கு. காட்டிப்போட்டு நைசா உங்க சட்டைப் பைக்குள்ள உட்டுருங்க. அம்மா மேல நம்பிக்கை இல்லாம இல்லைங்க. நெசமாக் கேட்டா பாதிக்குப் பாதி செவப்பு வந்துருமுங்களே!

அதா வந்துட்டான். வா கண்ணு, வா. இவுரு மெட்ராசு. நாம ஆருன்னே இவுருக்குத் தெரியாது சாமி.