கோப்பெங் கௌஸ் அண்ணனும் இடம் மாறிய கடனும்

மழை மேகம் மிரட்டியும் மண்டபம் நிறைய வந்து அமர்ந்திருக்கும் பேராக் மண்ணின் பெருமக்களே! பேச்சு நீண்டால் மணியடிப்பேன் என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, மணியைக் கையிலேயே வைத்திருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் திரு. பழனியப்பன் அவர்களே! நாற்காலி முதல் நாசி லெமாக் சோறு வரை பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்த சிலிபின் மகளிர் அணித் தலைவி, அம்மையார் புனிதா அவர்களே! ரப்பர் தோட்டத்திலே பால் மரம் வெட்டிய கைகளால் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய பெரியவர்களே! அரிசி விலை ஏறினாலும் அடுப்பு அணையாமல் காக்கும் அன்னையரே! கைப்பேசியில் ஒரு கண்ணும் என் மீது ஒரு கண்ணுமாக இருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் இந்தச் சொக்கநாதன் வணங்கி மகிழ்கிறேன்.

இன்றைய தலைப்பு என்ன? கடன் அட்டையின் நிலுவை மாற்றம். பேலன்ஸ் டிரான்ஸ்பர்! இதைப் பேச வேண்டியவர் நானல்ல. வங்கியிலிருந்து ஓர் அலுவலர் வருவதாக இருந்தது. அவர் வரவில்லை. ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என்னைப் பிடித்து மேடையேற்றி விட்டார்கள். தமிழைப் பற்றி விடிய விடியப் பேசச் சொன்னாலும் பேசுவேன். வங்கித் தாளில் நாலு வரி வாசித்தால் எனக்குத் தலை சுற்றும். சிரிக்காதீர்கள் ஐயா, உங்களுக்கும் சுற்றும்! ஆகவே தத்துவம் பேசப் போவதில்லை. என் கண்முன்னே நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

கோப்பெங்கில் உணவகம் நடத்தும் முகம்மது கௌஸ் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். அவரும் அவர் துணைவியார் சக்கீனா அக்காவும் அதோ, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். என்ன அக்கா, சொல்லலாம் அல்லவா? ‘சொல்லுங்க, ஆனா கூட்டிச் சொல்லாதீங்க’ என்கிறார்கள். ஆகட்டும்!

அன்பர்களே, கால்பந்து ஆட்டம் பார்க்கும் கூட்டம் கடைக்கு வர வேண்டும் என்று கௌஸ் அண்ணன் ஒரு சுவர் அளவுக்குத் திரை வாங்கினார். புது மேசைகள், புது நாற்காலிகள் வாங்கினார். எல்லாம் கடன் அட்டையில். கூட்டம் வந்தது. ஒரு தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு ஆட்டம் முழுவதும் பார்த்துவிட்டுப் போனது! கடனோ பத்தாயிரம் ரிங்கிட்டை எட்டியது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினார். கட்டியதில் பெரும்பகுதியை வட்டி விழுங்கியது. கட்டக் கட்டக் கடன் அசையவில்லை.

அந்தச் சமயத்தில் வேறொரு வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. ‘உங்கள் கடனை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஒரு வருடத்துக்கு வட்டியே இல்லை’ என்றது ஓர் இனிய குரல். எடுத்துக்கொள்கிறோம்! இந்த ஒரு சொல்லை, அவையோரே, அண்ணன் அப்படியே நம்பினார். நம்பி, ‘சரி’ என்றார். அடுத்த மாதம், பழைய வங்கியின் கணக்கைத் திறந்து பார்த்தால் பாக்கி பூஜ்யம்! கல்லாவிலிருந்து எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினார்.

“சக்கீனா! முடிஞ்சிருச்சுலா! கார்டுல பாக்கி கோசோங்! ஒரு காசு இல்ல!”

“எப்படிங்க? நாம ஒண்ணும் பெருசா கட்டலையே?”

“அந்த பேங்கு எடுத்துக்கிச்சு. போட்டிக்கு ஆள் பிடிக்கிறாங்க, அதான். அல்லாஹ் கண்ணைத் தொறந்துட்டான்!”

அந்த மகிழ்ச்சியில் அக்கம்பக்கத்தார் அனைவரையும் அழைத்து ஒரு கெண்டூரி விருந்து வைத்தார். ஆட்டு பிரியாணி! நானும் போயிருந்தேன். கடன் தீர்ந்த மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று கண்டேன். இறைச்சிக்கும் அரிசிக்கும் பணம்? அதே பழைய அட்டை! பாக்கி பூஜ்யமாகிவிட்டதே, வரம்பு முழுதும் திறந்து கிடக்கிறதே! தொடர்ந்து ஒரு புதுக் குளிர்பெட்டியும் அதே அட்டையில் வந்து இறங்கியது.

பிறகு வந்தன இரண்டு பில்கள். புது வங்கியிலிருந்து ஒன்று, பத்தாயிரத்தைப் பங்கு போட்டு மாதத் தவணை கேட்டது. பழைய வங்கியிலிருந்து ஒன்று, பிரியாணிக்கும் குளிர்பெட்டிக்கும் பணம் கேட்டது. சக்கீனா அக்கா இரண்டையும் பார்த்தார். கணவரைப் பார்த்தார். சுவர் அளவு திரையைப் பார்த்தார்.

“உண்மையச் சொல்லுங்க. பந்துல பந்தயம் கட்டினீங்களா?”

“என்ன சக்கீனா பேசுற? சத்தியமா இல்ல!”

“அப்ப தீந்து போச்சுன்னு ஊருக்கே சோறு போட்டீங்களே, இது எங்கேருந்து வந்துச்சு?”

அண்ணன் இரண்டு பில்களையும் மாற்றி மாற்றிப் புரட்டி விழித்தார். தாய்மார்களே, அவர் மறைக்கவில்லை. அவருக்கே தெரியவில்லை! தெரியாதவன் விழிப்பதும் மறைப்பவன் விழிப்பதும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், இல்லையா? அக்கா பையைத் தூக்கிக்கொண்டு தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் தம்பி ஜுபைர் வீட்டுக்குப் போய்விட்டார். (அங்கே இருப்பது மனநல ஆஸ்பத்திரி மட்டுமல்ல ஐயா, வீடுகளும் இருக்கின்றன! பின்வரிசை நண்பர்கள் சிரிப்பதை நிறுத்தலாம்.) அக்கா போன பிறகு கடையின் மீன் குழம்பில் உப்பு கூடியது. அண்ணன் முகத்தில் களை குறைந்தது.

சில நாள் பொறுத்த ஜுபைர், அக்காவைக் கூட்டிக்கொண்டு கோப்பெங் வந்தார். மதியக் கூட்டம் கலைந்த நேரம். நானும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மேசை மீது இரண்டு பில்களும் விரிந்தன. பழைய பில்லில் பத்தாயிரம் ‘கட்டப்பட்டது’ என்று இருக்கிறது. புதிய பில்லில் அதே பத்தாயிரம் ‘கட்ட வேண்டியது’ என்று இருக்கிறது. ஜுபைர் இரண்டையும் கூட்டினார்.

“மச்சான், கடன் ரெண்டு மடங்கா ஆயிருச்சு!”

“இல்லப்பா, கட்டியாச்சுன்னு போட்டிருக்கே!”

“அப்ப ஏன் திரும்பக் கேக்கிறான்? நம்மள ஏமாத்துறானா?”

என்னைக் கேட்டார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பொருள்தான் தெரியவில்லை! ‘ஒருவேளை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டுமோ’ என்று நான் ஒரு குண்டைப் போட, மேசையே மூன்று கட்சியானது.

அந்நேரம் அண்ணனின் தொலைபேசி ஒலித்தது. மூன்றாவதாக ஒரு வங்கி! பேசிய பெண்ணின் பெயர் தினேஸ்வரி. அதே தேன், அதே திட்டம். அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். ‘இவங்க எடுத்துக்கிறாங்களாம்!’ என்று வாய் திறந்தார். சக்கீனா அக்கா எட்டி அந்தத் தொலைபேசியை வாங்கி, எல்லோரும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார்.

“தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க மாத்திவிட்டா, இந்தக் கடன்ல ஒரு ரிங்கிட்டாவது குறையுமா?”

தினேஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“குறையாதுக்கா. நாங்க அந்த பேங்குக்குக் கட்டிருவோம். நீங்க எங்களுக்குக் கட்டணும். வட்டி மட்டும்தான் கொஞ்ச நாளைக்கு நிக்கும். மாத்துறதுக்கு ஒரு தடவை கட்டணம் வேற இருக்கு.”

“முன்ன ஒரு பேங்குல மாத்திட்டோம். ஒரு வருசம் வட்டி இல்லன்னாங்க. இப்ப திரும்ப மாத்தலாமா?”

“அக்கா, உண்மையச் சொன்னா எனக்குக் கமிஷன் கிடைக்காது. ஆனா அங்கயே தவணை தவறாம கட்டுங்க. தவறினா அந்தச் சலுகை போயிரும். பழைய கார்டத் தொடாதீங்க. அதுக்கு வட்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.”

அக்கா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நீங்க பந்துல பணம் விடல.”

“இல்லன்னு அன்னைக்கே சொன்னேனே சக்கீனா.”

“புரியலன்னு சொல்லிருக்கலாமேங்க. எனக்கும் புரியலன்னு நானும் சொல்லிருப்பேன். ரெண்டு பேருமா போய்க் கேட்டிருப்போம்.”

அண்ணன் தலை குனிந்தார். அக்கா எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குப் போய், மீன் குழம்பைக் கிளறி ருசி பார்த்து, முகத்தைச் சுளித்தார். வீடு திரும்பிவிட்டார் என்று எங்களுக்குப் புரிந்தது!

அதன் பிறகு நடந்தது எளிதல்ல, என் இனியவர்களே. பழைய அட்டையை ரத்து செய்யச் சொல்லி இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போனார்கள். சுவர் அளவு திரையை விற்று முதலில் பிரியாணிக் கடனையும் குளிர்பெட்டிக் கடனையும் அடைத்தார்கள். பந்துக் கூட்டம் எதிர்க்கடைக்குப் போனது. அங்கே ஒவ்வொரு கோலுக்கும் எழுந்த ஆரவாரத்தை, இங்கே காலி மேசைகளுக்கு நடுவே நின்று அண்ணன் கேட்டார். கேட்டுக்கொண்டே ரொட்டி தட்டினார். அக்கா, தொழிற்சாலைப் பெண்களுக்கு மதியச் சோற்றுப் பொட்டலம் கட்டினார். வியாபாரம் படுத்த மாதமும் தவணை நின்றதில்லை. அக்காவின் வளையல் ஒன்று அடகுக்குப் போய், அந்த மாதத்தைக் காப்பாற்றியது. சலுகை முடியும் முன்னே கடைசித் தவணையும் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு அவர்கள் ஒருவரையும் அழைக்கவில்லை. கடையை மூடப் போகும் நேரத்தில், வாடிக்கையாளர் போல ஒரு மேசையில் எதிரெதிரே அமர்ந்தார்கள். அண்ணன் இன்னும் குழப்பத்தோடுதான் கேட்டாராம்:

“சக்கீனா, இப்ப அந்தக் கடன் எந்த பேங்குல இருக்கு?”

“எந்த பேங்குலயும் இல்லங்க. நாம கட்டிட்டோம்.”

அவர் நம்பச் சற்று நேரமானது. நம்பியதும் அழுதார்.

ஐயா, யாரோ கை தூக்குகிறீர்கள். ‘அப்ப மாத்தலாமா, கூடாதா?’ என்கிறீர்கள். மாற்றலாம்! வட்டி நிற்கும் அந்த ஓராண்டு நல்ல ஓராண்டுதான். ஆனால் அது கடன் தீர்ந்த ஆண்டு அல்ல, கடனைத் தீர்க்கக் கிடைத்த ஆண்டு. இடம் மாறுவதா விடுதலை? பெயர் மாறுவதா விடுதலை? வங்கி மாறுவதா விடுதலை? கட்டி முடிப்பதே விடுதலை! புரியவில்லையா? புரியவில்லை என்று சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்லுங்கள், வங்கி முகப்பில் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் சொல்லுங்கள்! புரியும் வரை ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

தலைவர் மணியைத் தூக்கிவிட்டார். தங்கள் துன்பத்தை ஊருக்குப் பாடமாகத் தந்த கௌஸ் அண்ணன், சக்கீனா அக்கா இருவருக்கும் எழுந்து நின்று ஒரு கைத்தட்டல் தாருங்கள். பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவரின் மணிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாழ்க நலமுடன், வணக்கம்!