பின் சீட்டுக் குரல்

“…அந்தக் கார் கதவுப் பூட்டுல ஒரு குறையும் இல்லக்கா. மாசா மாசம் கழட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

“அப்புறம் எதுக்கு அந்தப் பெரியவர் திரும்பத் திரும்ப அதையே பார்க்கச் சொல்றார்?”

கரண்ட் போயிருந்தது. மாடிப்படியில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவள் மூன்றாம் மாடித் தையற்காரி. சொன்னவன் கீழ்வீட்டு மெக்கானிக்.

“சொல்றேன். ஆனா அவர் காதுக்கு மட்டும் போகக் கூடாது. என் கூட்டாளி வெல்டர் இருக்கானே, அவன் மச்சானுக்கு நடந்தது. பெரியவரோட பையன்தான் அந்த மச்சான்.”

“போன வாரம் லிஃப்ட்ல பேய். இந்த வாரம் கார்லயா? விடமாட்டியே நீ!”

தையற்காரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு படி இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். பாலத்தை மூடிவிட்டதால் அந்த மச்சான் பழைய சாலையில் காரைத் திருப்பினான். ஆள் அரவமே இல்லை. பக்கத்தில் அப்பா, வாய் பிளந்த தூக்கம். மெக்கானிக் ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் போகிறார்கள். இடிந்த சுற்றுச்சுவர் ஒன்று தெரிந்ததும் அவன் வேகத்தைக் கூட்டினான்.

அந்தக் காலத்தில் அது டிரைவ்-இன் தியேட்டர். காருக்குள்ளேயே உட்கார்ந்து படம் பார்க்கலாம். அம்மா நர்ஸ். அவளுக்கு ராத்திரி டியூட்டி விழும் நாளெல்லாம் அப்பா, பிள்ளைகள் இரண்டையும் தலையணை போர்வையோடு அங்கே கூட்டிப்போவார். ஜன்னலில் ஸ்பீக்கர் பெட்டி தொங்கும். திரைக்குக் கீழே ஊஞ்சல்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே கிளம்பிவிடுவார், கூட்டத்தில் மாட்டக் கூடாதென்று. விளக்குப் போட்டால் சுற்றியிருக்கும் கார்களெல்லாம் ஹார்ன் அடித்தே கொன்றுவிடும். அதனால் இருட்டிலேயே கேட்பார்: “எல்லாரும் இருக்கீங்களா?”

பிள்ளைகள் குரல் கொடுக்க வேண்டும். தங்கை குட்டி எப்போதும் தூங்கியிருப்பாள். அவளுக்கும் சேர்த்து அண்ணனே குரல் கொடுப்பான், அவளுடைய மழலையிலேயே. வீட்டில் அவனுக்குக் கிளி என்று பெயர். யார் குரலும் அச்சு அசலாக வரும். அப்பாவுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

அன்றைக்கும் கொடுத்தான்: “நானும் இதுக்கேன்பா.” போர்வை மேடாக இருந்தது… தொட்டுப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் விளக்கைப் போட்டால், போர்வைக்குள் தலையணை.

“ஊஞ்சலுக்குப் போயிருந்திருப்பா, பாவி மக…” என்றாள் தையற்காரி. இப்போது அவள் சிரிக்கவில்லை.

ஆனால் அப்பா போலீசிடம் அடித்துச் சொன்னார்: “கார்ல ஏறினா சார். என் காதால கேட்டேன். கதவு திறந்து வழியில விழுந்திருக்கணும்.” விடிய விடிய சாலையோரப் புதரையும் வாய்க்காலையும் துழாவினார்கள். தியேட்டர் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கிளிக்கு வயது ஒன்பது. வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. மறுநாள் மத்தியானம் வந்தது. மறுவாரமும் வந்தது. குட்டி வரவேயில்லை. உண்மையைச் சொல்லும் வேளை தாண்டிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அப்பா பழியைப் பூட்டின் மேல் போட்டார், பூட்டைச் சரிபார்க்காத தன் மேல் போட்டார். காரை விற்கவேயில்லை.

இப்போது அதே கார் அந்தச் சுவரை ஒட்டி வரும்போது என்ஜின் இருமி நின்றது. ஈரப் புல் வாசனை. எங்கோ சங்கிலி உரசும் சத்தம்… கிரீச்… கிரீச்…

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே கேட்டார்.

“எல்லாரும் இருக்கீங்களா?”

கிளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குரல் கொடுத்தான். “இ… இருக்கேன்பா.”

பின் சீட்டிலிருந்து உடனே வந்தது. “நானும் இதுக்கேன்பா.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “சரி, போலாம்.”

கிளி திரும்பவில்லை. அது குட்டியின் குரல் அல்ல. அவளுக்கு ‘ரு’ நன்றாகவே வரும். மழலையைக் கொஞ்சம் கூட்டிப் பேசியது அவன்தான். ஒன்பது வயதில், இதே காரில்.

அப்போது அவன் பக்கத்துக் கண்ணாடியில் வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாக, ரொம்பக் கீழே. கண்ணாடியின் அடி விளிம்பில் மூச்சுப் பட்டுப் பனித்தது.

“அண்ணா… அது நான் இல்லன்னு அப்பாகிட்ட சொல்லுண்ணா.”